பிள்ளைக்கு என்ன வயது

நாற்பது மூட்டை உளுந்துக்குக்
காசு தர முடியாத உ சான் ல்வின்
ஒரு மழை நாளில் லாரி அனுப்பினார்.
தார்ப்பாய்க்குள் பியானோ.
'கணக்கு நேர்' என்று ஒரு துண்டுச் சீட்டு.

நேரில்லை. இருந்தாலும் இறக்கினோம்,
ஆறு பேர், ஒரு கயிறு, நிறைய வசவு.
யாங்கோன் முப்பத்தொன்றாம் தெருக் கிட்டங்கியில்
துவரை மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே
இரண்டு வருஷம் அதன் தலையில்
பேரேடுகள் கிடந்தன.

ஆவணி மாதம், பேரம் முறிந்த ஒரு சாயங்காலம்
மூடியைத் திறந்து ஒரே ஒரு கட்டையை அழுத்தினேன்.
அதன் பெயர் எனக்குத் தெரியாது.
சத்தம் அடங்கும்வரை
விரலை எடுக்கவில்லை.

மறுநாளே ஆள் தேட ஆரம்பித்தேன்.

கமாயுத் அம்மையார் போனில் கேட்டார்:
"பிள்ளைக்கு என்ன வயது?"
"ஐம்பத்து மூன்று."
"ஐந்தா, மூன்றா? சரியாகக் கேட்கவில்லை."
நான் லைனை வைத்துவிட்டேன்.

ஓட்டலில் வாசிப்பவர் டாலரில் பேசினார்.
"மகள் கல்யாணத்துக்கா? ஒரு பாட்டு போதுமா?"
சட்டைக்கு அளவெடுப்பவர் போல
மேலும் கீழும் பார்த்தார்.

மூன்றாமவர் என் கையைத் திருப்பிப் பார்த்து
"மோதிர விரல் செத்துவிட்டது" என்றார்.
அந்த விரலால்தான்
வண்டு துளைத்த பருப்பை
இருட்டிலும் பிரித்தெடுக்கிறேன்.
சொல்லவில்லை.
டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டில் அலமேலு
"அதை விற்றால் ஏசி வாங்கலாம்" என்றாள்.
நியாயம்தான்.

நோ ஏபோ மட்டும் வயதைக் கேட்கவில்லை.
"உள்ளே பல்பு எரிகிறதா?"
அதுதான் அவளுடைய முதல் கேள்வி.
"பியானோவுக்குள்ளா?"
"மழைக்காலம். ஈரம் ஏறும்.
நாற்பது வாட் போடுங்கள். பிறகு வருகிறேன்."

வட்ட ரயிலில் இன்செயினிலிருந்து வந்தாள்.
இருபத்தேழு வயது, கரேன் பெண்,
ஞாயிறுகளில் சர்ச்சில் வாசிப்பவள்.
குடையைக் கதவில் மாட்டினாள்.
ஊமைக் கட்டைகள் இரண்டைத் தட்டிப் பார்த்து
"இவற்றை விட்டு வாசிப்போம்" என்றாள்,
பல்லுப் போனவரிடம்
முறுக்கு வேண்டாம் என்பது போல.

அவள் பர்மியத்தில் எண்ணினாள்:
தித், ஹ்னித், தௌன், லே.
ஓர் எண்ணுக்கு ஒரு தட்டு.
நான் மனசுக்குள் தமிழில் எண்ணிக்கொண்டு
ஒவ்வொரு முறையும் பின்தங்கினேன்.
மூன்று வாரம். நாலாவது வாரம் பென்சிலை வைத்துவிட்டு,
"வாய் அசைகிறதே, என்ன சொல்கிறீர்கள்?
சத்தமாகச் சொல்லுங்கள்."

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.
வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடம் போல.

அவள் முழங்காலில் தட்டிப் பார்த்தாள்.
"ஒண்-ணு. ரெண்-டு."
மறுபடி தட்டினாள்.
"எண்ணுக்கு இரண்டு அசை.
அரைத் தட்டு உங்களுக்கு
எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.
நான் சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர
ஒரு வருஷம் ஆகும்."
பிறகு சிரிக்காமல்,
"இனி நீங்களே எண்ணுங்கள். என்னைக் கேட்க வேண்டாம்."

எண்ணினேன். வலது கை ஒத்துவந்தது.
இடது கை வேறு ஊர்க் கணக்கு எழுதியது.

அப்போது மின்சாரம் போனது.
மின்விசிறி நின்றது, தெரு இருண்டது,
பியானோவின் வயிற்றில் பல்பும் அணைந்தது.
கை தன்னால் நின்றது.
"இது மரம்," என்றாள் இருட்டில்.
"கம்பிக்குக் கரண்ட் தேவையில்லை. ம்."

ஒண்ணு.
வாசலில் ஜெனரேட்டரை இழுக்கும் சத்தம்.
ரெண்டு.
மூட்டைக்காரன் கோ ஸோ படியில் உட்கார்ந்து
சுருட்டுப் பற்றவைத்தான். ஒரு சிவப்புப் புள்ளி.
மூணு.
தப்பான கட்டை.
"பரவாயில்லை, எண்ணை விடாதீர்கள்."
நாலு.

மோதிர விரல் இன்னும் மேலே வரவில்லை.
அடுத்த செவ்வாய் வருவாள்.
அதற்குள் பல்பு மாற்ற வேண்டும்,
கரண்ட் திரும்பியபோது ஒரு பொறி,
அதோடு போய்விட்டது.